அந்தத் தட்டில் எத்தனை பேர்?

நம் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் பொறுப்புத் தாதிக்குத் தெரியாதா? தெரிந்தும் "ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சிஸ்டர்" என்று கேட்டுவிட்டாள். இனி நீங்கள் அனுபவியுங்கள்.

எடை குறைப்புச் சத்திரசிகிச்சையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தர டொக்டர்மார் இருக்கிறார்கள், சுவரில் படமும் ஒட்டியிருக்கிறது. நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாழைப்பழம் அளவுக்கு ஒடுங்கிப்போன இரைப்பையோடு ஒரு மனிதர் வீட்டுக்குப் போகிறார். அவர் தண்ணீரிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து மசித்த சாப்பாட்டுக்கும், பிறகு மென்று தின்னும் சாப்பாட்டுக்கும் வந்து சேர வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆட்கள் விழுவார்கள்.

கடுகண்ணாவையிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர், கஞ்சி வாரத்திலேயே கொத்து ரொட்டியை மிக்ஸியில் போட்டு அடித்துக் குடித்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கணும்னு தானே மிஸ்ஸி சொன்னீங்க?" என்று என்னிடமே சட்டம் பேசினார். அவரைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. தின்ன ஆசைப்படுகிறவரைத் திட்டித் திருத்திவிடலாம். தின்னப் பயப்படுகிறவர் நல்ல பிள்ளையாக நம் முன்னால் உட்கார்ந்து தலையாட்டுவார். அப்படி ஒருத்தியிடம்தான் நான் கோட்டை விட்டேன். அவள் கிட்டத்தட்டச் செத்தே போயிருப்பாள்.

பெயர் நலீமா. கம்பளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியாரின் மனைவி. மூன்று பிள்ளைகள், மூத்தவன் கடையில், அடுத்த இரண்டும் பெண்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். எனக்கும் நலீமாவுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபிக்க மாட்டாள். முழங்கால் வலியும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் சேர்ந்து அவளைப் படியேற விடாமல் பண்ணியிருந்தன. கண்டியில் எங்கள் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து, ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் ஹாஜியாரும் கூடவே வருவார். நான் கேள்வி கேட்டால் அவர்தான் பதில் சொல்வார். அவளைப் பேச விடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வராது, மனுஷர் அவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்வார்.

"சாப்பாடெல்லாம் எப்படி ஹாஜியார்?"

"அல்ஹம்துலில்லாஹ் மிஸ்ஸி. நல்லாத் திங்கிறா. தட்டு காலியாத்தான் எழும்புற."

நானும் கடதாசியில் 'தட்டை முடிக்கிறார்' என்று எழுதி, சரி போட்டேன்.

இரண்டாம் மாதம் தராசில் ஏறினாள். அந்த வருடம் எங்களிடம் வந்தவர்களில் அவளைப் போல யாரும் இளைத்திருக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தட்டினேன். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்க, இப்படித்தான் சொன்னதக் கேக்கணும்" என்று அவளை நிறுத்திக் காட்டினேன். அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். முடி கொட்டியிருந்ததையும் முகம் வெளுத்திருந்ததையும் பார்த்தேன்தான். இளைக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் நலீமா. பக்கத்தில் ஹாஜியார், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"என்னங்க ஹாஜியார், என்ன ஆச்சு?"

"தெரியா மிஸ்ஸி. ரெண்டு மூணு நாளாக் கால் மரத்துப் போச்சுண்டு செல்லிட்டு ஈந்தா. காலைல பாத்தா சொவத்தப் புடிச்சிட்டு நடக்கிறா. என்னப் பாத்து, 'ஏன் ரெண்டு பேரா வந்து நிக்கிறீங்க'ண்டு கேக்குறா. ஒரு மாப்புள போதாதா மிஸ்ஸி அவளுக்கு?"

நலீமாவின் கண்மணிகள் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து, "தங்கச்சி வந்துட்டீங்களா?" என்றாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

பணியில் இருந்தவர் ஒரு இளம் சிங்கள டொக்டர். கெட்டிக்காரப் பிள்ளை, அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மயக்கம், தடுமாற்றம், பழைய சீனி நோயாளி. பக்கவாதமாக இருக்கலாம், சீனி இறங்கியிருக்கலாம். விரலில் குத்திப் பார்த்தால் சீனி கொஞ்சம் கீழே, ஆனால் ஆபத்தான அளவு இல்லை. குளுக்கோஸ் சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டுத் தலையை ஸ்கேன் எடுக்க ஆள் அனுப்பினார். அவர் இடத்தில் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். நானும்கூடச் செய்திருப்பேன், என் மண்டைக்குள் ஒரு சின்ன முள் மட்டும் குத்தாமல் இருந்திருந்தால்.

நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தவரின் உடம்பில் பி வன் விற்றமின் வற்றிப் போயிருக்கும். அவருக்கு முதலில் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அது உறிஞ்சிவிடும். பிறகு மூளை மீளாமலே போகலாம். இதை நீங்களும் படித்திருக்கிறீர்கள், நானும் படித்திருக்கிறேன். ஆனால் நலீமா சாப்பிடுகிறவள் ஆயிற்றே! வரும்போதெல்லாம் 'தட்டை முடிக்கிறார்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறதே!

பணியிலிருந்த தாதி சேலைன் குழாயை மாட்ட நலீமாவின் கையைத் தூக்கிவிட்டாள். நான் ஹாஜியாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத் திங்கிறாங்களா? உண்மையச் சொல்லுங்க!"

"வல்லாஹி மிஸ்ஸி, நான் பொய் செல்லல்ல. நேத்தும் தட்டு காலி. சஹன வழிச்செடுத்துத்தான் எழும்பின."

சஹன். கண்டி மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள் நான். அடுத்த வீட்டு முஸ்லிம் கலியாணங்களில் எத்தனை சஹன் பார்த்திருக்கிறேன்! பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, கறியைச் சுற்றிவர வைத்து, பாயில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். கலியாணத்துக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"வீட்லயும் சஹன்லயா சாப்பிடுறீங்க?"

"பகல் சாப்பாடு எண்டைக்கும் அப்படித்தான் மிஸ்ஸி. எங்கட உம்மா காலத்துப் பழக்கம்."

"அந்தத் தட்டுல எத்தன பேரு?"

"அஞ்சு பேர்."

தட்டு காலி. ஐயோ கடவுளே, தட்டு காலிதான்! யார் காலி பண்ணினார்கள் என்று இத்தனை நாளாக இந்த மடச்சி கேட்கவில்லை.

நான் குனிந்து நலீமாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "நலீமா, என்னப் பாருங்க. நீங்க சாப்பிடுறீங்களா, இல்லியா?"

துடித்துக்கொண்டிருந்த அந்தக் கண்களில் தண்ணீர் முட்டியது. தலையை இல்லை என்று ஆட்டினாள்.

நான் நிமிர்ந்து, டொக்டரிடம் சிங்களத்தில், "டொக்டர், குளுக்கோஸ் வேண்டாம், எனக்கு ரெண்டு நிமிஷம் தாங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது. அங்கே எல்லோர் முன்னாலும் ஒரு தாதி கையைக் காட்டி நிறுத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? நியாயமாக அது என் வேலையும் இல்லை. தப்பாகப் போனால் என் சீருடையைக் கழற்ற வேண்டி வந்திருக்கும். ஆனாலும் கட்டிலுக்கும் சேலைனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்து மனுஷர், வளவளவென்று பேச மாட்டார்.

"ஓம் சிஸ்டர், சொல்லுங்கோ."

சொன்னேன்.

"எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"நாள் இல்ல சேர். வாரக்கணக்கு."

"குளுக்கோஸ் வேண்டாம். முதல்ல பி வன்னை நரம்பில குடுங்கோ. டொக்டரிட்ட போனைக் குடுங்கோ. நான் வாறன்."

அந்த இளம் டொக்டர் தொலைபேசியை வாங்கிக் கேட்டார். வைத்துவிட்டு, அவரே மருந்துப் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து வந்தார். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தன் கோபத்தைவிட நோயாளி பெரிது என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்க எல்லோராலும் முடியாது.

அன்று மாலைக்குள் நலீமாவின் கண்கள் அடங்கின. மறுநாள் என்னைப் பார்த்து, "மிஸ்ஸி" என்றாள். தங்கச்சி என்று சொல்லவில்லை. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிபுணர் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது, "நல்ல வேலை செய்தனீங்கள் சிஸ்டர்" என்றார். இரண்டடி வைத்துத் திரும்பி, "ஆனா, உந்தக் கேள்வியை ஏன் போன மாசம் கேக்கேல்லை?" என்றார். சுருக்கென்று தைத்தது. தைக்கத்தான் வேண்டும்.

இடையில் என்ன நடந்தது என்று பிறகு நலீமா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மென்று தின்னலாம் என்று நான் அனுமதி கொடுத்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டில் மச்சான் குடும்பமும் விருந்துக்கு வந்திருந்தது. சஹனில் உட்கார்ந்தால் எல்லோர் வேகத்துக்கும் நம் கையும் போகும். ஒரு கோழித்துண்டை அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டாள். அது நடுநெஞ்சில் போய் நின்றது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தாளாம். எழுந்து ஓடி முற்றத்தில் வாந்தி எடுத்தாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குப் பொறகு எனக்கு விழுங்க ஏலா மிஸ்ஸி. சோத்தப் பாத்தாலே நெஞ்சடைக்கும். சஹன்ல கைய வெப்பேன், பெசைவேன், வெறுங்கைய வாய்க்குக் கொண்டு போவேன். இவர் நல்ல துண்டாப் பாத்து என்ட பக்கம் தள்ளுவார். நான் அத மகன்ட பக்கம் தள்ளுவேன். ஆருக்கும் தெரியா."

"அப்ப எதத்தான் குடிச்சீங்க?"

"பிளேன் டீ. சூப்புத் தண்ணி."

விற்றமின் மாத்திரைகளையும் விழுங்கப் பயந்து அலுமாரிக்குள் சேலைக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க எல்லாரையும் கூப்புட்டுக் காட்டினீங்களே மிஸ்ஸி. அதுக்குப் பொறகு எப்படிச் செல்ற?" என்றாள்.

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். நாம் ஒருவரைப் பாராட்டும்போது அவர் வாயையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம்.

வார்டில் நான் பக்கத்திலிருந்து, சின்னத் தட்டில் அவித்த முட்டையும் மீனும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தேன். பயந்து பயந்து தின்றாள். நடக்கவும் தொடங்கினாள், குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது கடதாசியில் பெரிய எழுத்தில் 'தனித் தட்டு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஒரு வாரத்தில் ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸ்ஸி, தனித் தட்டுல போட்டுக் குடுத்தா அழுறா. ஒரு வாய் வெக்கிறா இல்ல. திரும்பவும் பிளேன் டீ தான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அழட்டும்! அழுதுகிட்டே சாப்பிடச் சொல்லுங்க! இன்னொரு தடவ இங்க வந்தா நான் காப்பாத்த மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. பழையபடி பி வன் வற்றினால் இந்தத் தடவை கால் திரும்பி வராது, ஆளே திரும்பாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு கம்பளை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். முன் விறாந்தையில் பாய் விரித்து, சஹன் வைத்து, நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நலீமா கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, மடியில் ஒரு சின்னத் தட்டோடு. தட்டில் சோறும் மீனும் ஆறிப்போய்க் கிடந்தன. அவள் தொடக்கூட இல்லை. என்னைக் கண்டதும் வீடே எழுந்து நின்றது. விருந்தாளி அல்லவா! எனக்குக் கதிரை போட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து பூப்போட்ட தட்டு எடுத்து, சோறு போட்டுத் தந்தார்கள்.

கதிரையில் உட்கார்ந்தேன். கீழே நாலு பேரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறார்கள். இளையவள் அக்காவின் பக்கமிருந்து பப்படத்தைத் திருடுகிறாள், அண்ணன் அவள் கையைத் தட்டிவிடுகிறான், ஹாஜியார் சிரிக்கிறார். இந்தப் பக்கம் நானும் நலீமாவும், ஆளுக்கொரு தட்டோடு. இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். வயிற்றில் ஒரு வெட்டும் இல்லாத எனக்கே சோறு இறங்கவில்லை.

"ஏன் நலீமா இதுல சாப்பிட மாட்டேங்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்கட ஊட்டுல கோவம் போட்டவங்கதான் தனியாத் தட்டெடுப்பாங்க மிஸ்ஸி. எனக்கு ஆரோடயும் கோவமில்ல."

அதைக் கேட்டு ஹாஜியாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் என் பூப்போட்ட தட்டைக் கீழே வைத்தேன். "ஹாஜியார், நான் எழுதினது பிழை. அந்தக் கடதாசியக் கிழிச்சிப் போடுங்க. ஆனா ஒண்ணு, அவங்க எவ்வளவு தின்றாங்கன்னு கண்ணுக்குத் தெரியணும். அதுக்கு வழி எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க" என்றேன். இத்தனை வருடச் சேவையில் நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து 'எனக்குத் தெரியல' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

ஹாஜியார் சஹனையும் அவள் மடியிலிருந்த தட்டையும் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்குங்க மகன், உம்மாக்கு எடம் உடுங்க" என்றார். நலீமா நகர்ந்து வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் முன்னாலிருந்த சோற்றைக் கையால் ஒதுக்கி, தட்டில் ஒரு சின்ன இடம் பண்ணினார். அதில் இரண்டு விரல் சோறு, கொஞ்சம் பருப்பு, முள்ளெடுத்த பாரை மீன் ஒரு துண்டு.

"முன்னால ஈக்கிறதத் தின்னுங்கண்டுதானே மார்க்கத்துல நமக்குச் செல்லித் தந்தீக்கி? இது உம்மாட பங்கு. இதுல ஆரும் கை வெக்க ஏலா. உம்மாவும் இதுலேந்து ஆருக்கும் தள்ள ஏலா. இது முடியங்காட்டி ஆரும் எழும்ப ஏலா. சரியா?"

அவ்வளவுதான்! மூன்று மாதம் எனக்கு எட்டாதது அந்த ஹாட்வெயார் கடைக்காரருக்கு மூன்று நிமிடத்தில் எட்டிவிட்டது.

நலீமா மீனைக் கிள்ளி வாயில் வைத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கியதும் முகம் மாறியது, கை நெஞ்சுக்குப் போனது. சின்னவள், "உம்மா!" என்று தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினாள். நான், "வேணாம், தண்ணி குடுக்காதீங்க, யாரும் எழும்பாதீங்க" என்றேன். அடைத்த மாதிரி இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும், அதைவிட நாலு பேர் பதறுவது மோசம். எழுந்து ஓட என் காலும் துடித்தது. கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"எறங்கிட்டு," என்றாள்.

பிறகு அடுத்த வாய். மற்ற நாலு பேரின் சோறும் எப்போதோ முடிந்துவிட்டது. விரல்களில் ஒட்டிய சோறு காய்ந்து, கையைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுடைய தொலைபேசி இரண்டு தடவை அடித்தது, அவன் திரும்பியும் பார்க்கவில்லை. ஹாஜியார், "இனி இந்த ஊட்டுல பகல் சோறு முடியிறதுக்குள்ள பின்னேர அஸர் பாங்கு செல்லிடும் போல" என்றார். நலீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெல்லும்போது சிரிக்காதீங்க!" என்று நான் அதட்டினேன்.

அவள் பங்கு முடிந்தது. ஆறு வாய், அரை மணித்தியாலம். யாரும் எழும்பவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் தட்டில் மிஞ்சியிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்பது போல, "மிஸ்ஸி, இன்னம் ஒரு துண்டு ஏலும் போல ஈக்கி" என்றாள்.

எத்தனையோ வருடமாக ஆயிரம் பேரிடம் 'போதும், போதும், கையை எடுங்க' என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய் இது.

"வைங்க ஹாஜியார்," என்றேன். "மீன் ஒரு துண்டு வைங்க."